ப்ளெயின் கலர் துணிகளைச் சேர்த்துப் போட்டால் யூனிஃபார்ம் மாதிரி தெரிகிறதே, என்ன செய்யலாம்?

புதுவேலை_கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பூப்போட்டது, கட்டம் போட்டது எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. ப்ளெயின் கலர்தான் மனசுக்கு ஒத்து வரும். அதனால் பர்கூர் போய், செட்டாக எடுக்காமல் குர்தி, பேண்ட், ஷால் எல்லாம் தனித்தனியாக எடுத்து வந்தேன். நேவி ப்ளூ, மெரூன், பாட்டில் கிரீன் குர்திகள். சந்தனக் கலரிலும் கறுப்பிலும் பேண்ட். வெள்ளை, மஸ்டர்ட், வெங்காயக் கலர் ஷால்கள்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் போட்டால்தான் சிக்கல். நேவி ப்ளூவுக்கு வெள்ளை ஷால் போட்டால் ஸ்கூல் பிள்ளை போல ஆகிவிடுகிறது. மெரூனுக்குக் கறுப்பு பேண்ட் போட்டால் ஆளே கனமாகத் தெரிகிறேன். எதோடு எதைப் போடலாம் என்ற பட்டியல் நெட்டில் நிறைய கிடைக்கிறது, அது வேண்டாம். ஏன் ஒன்று சேருகிறது, ஏன் ஒன்று சேரவில்லை என்று புரிந்தால் போதும், மற்றதை நானே பார்த்துக்கொள்வேன்.

அரூர்_டீச்சர்

நல்ல கேள்விம்மா. ப்ளெயினில் அழகு பார்க்க நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரக்குப் புடவைக்குப் பச்சை ரவிக்கை, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லி என்று நம் அம்மாக்கள் கட்டியதெல்லாம் என்ன? நிறச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு. பாடத்தில் இதை எதிர் நிறம் என்போம், கடையில் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள்.

ஒன்றைக் கவனி. புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கை முக்கால் மீட்டர். எதிர் நிறங்கள் சரிபாதியாக நின்றால் கண் எங்கே போவதென்று தடுமாறும். ஒன்று அதிகம், ஒன்று கொஞ்சம் என்று இருந்தால்தான் எடுப்பாக இருக்கும். மெரூன் குர்திக்குப் பாட்டில் கிரீன் பேண்ட் போடாதே. அதே பச்சையில் ஒரு கம்மல், ஒரு பை, குர்தியின் கையோரத்தில் ஒரு பைப்பிங், அவ்வளவு போதும்.

நூல்நிறம்

நான் சாயப்பட்டறைப் பக்கம் வேலை செய்கிறவன், சொந்த ஊர் தர்மபுரி. டீச்சர் சொன்னது சரி. ஆனால் உங்களுடைய பிரச்சினை எதிர் நிறத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு நிறத்தில் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, அது சிவப்பா, நீலமா, பச்சையா என்பது. இரண்டாவது, எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்வு. மூன்றாவது, பளிச்சென்று இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா. கடையில் நிற்கும்போது நாம் முதலாவதை மட்டும் பார்க்கிறோம். பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இரண்டாவதுதான். தூரத்தில் ஒருவர் நடந்து வரும்போது, அவர் போட்டிருப்பது மெரூனா பாட்டில் பச்சையா என்று தெரிவதற்கு முன்பே, மேலே அடர்வு, கீழே வெளிர் என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் துணிகளை எடுங்கள். நேவி ப்ளூ, மெரூன், பாட்டில் கிரீன், கறுப்பு நான்கும் நான்கு நிறம். ஆனால் அடர்வில் ஏறக்குறைய ஒரே இடம். அதனால்தான் மெரூனும் கறுப்பும் சேர்ந்தால் எங்கே குர்தி முடிகிறது, எங்கே பேண்ட் தொடங்குகிறது என்றே தெரியாமல் ஒரே கட்டியாக நிற்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். எல்லாத் துணியையும் பகல் வெளிச்சத்தில் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போனில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எது எதோடு கலந்து காணாமல் போகிறது, எது தனியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

புதுவேலை_கிருஷ்ணகிரி

எடுத்துப் பார்த்தேன், ஆச்சரியமாக இருக்கிறது! மூன்று குர்தியும் கறுப்பு பேண்டும் ஒன்றுக்கொன்று அடையாளமே தெரியவில்லை. வெள்ளை, சந்தனம், வெங்காயக் கலர் மூன்றும் இன்னொரு பக்கம் ஒரே கூட்டமாக நிற்கின்றன. மஸ்டர்ட் மட்டும் நடுவில் தனியாக இருக்கிறது.

அப்படியென்றால் நேவி ப்ளூவும் வெள்ளையும்தான் மிக நன்றாக இருக்க வேண்டும். அதுதானே யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது?

நூல்நிறம்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். வித்தியாசம் இருந்தால் தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிவதெல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. நேவி ப்ளூ, வெள்ளை இரண்டையும் நம் ஊரில் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பழகிய கண் நம்முடையது. காக்கிக்கும் இதே கதைதான். அந்த நினைப்பை உடைக்க வெள்ளையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். வெள்ளைக்குப் பதில் ஹாஃப் ஒயிட், சந்தனம், வெங்காயக் கலர் என்று போகலாம். அடர்வு வித்தியாசம் அப்படியே இருக்கும், பள்ளிக்கூடம் மறைந்துவிடும். நேவி ப்ளூ குர்தி, சந்தனக் கலர் பேண்ட், வெங்காயக் கலர் ஷால் போட்டுப் பாருங்கள்.

மஸ்டர்ட் நடுவில் நிற்கிறது என்றீர்களே, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்ததோடும் சேரும், வெளிரோடும் சேரும்.

ஊத்தங்கரை_டைலர்

நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் துணியைப் பற்றிச் சொல்கிறேன்.

யூனிஃபார்ம் யூனிஃபார்மாகத் தெரிவதற்குக் கலர் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி துணி. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வழவழப்பான, கஞ்சி போட்டது போல் விறைப்பான துணி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தெரியும். பூ இல்லாத துணிக்கு நெசவுதான் பூ.

ஒரே மெரூனை எடுத்துக்கொள்ளுங்கள். பாப்ளினில் மெரூன் தட்டையாக இருக்கும். கதரில் அதே மெரூனைப் பாருங்கள். நூல் ஒரே தடிமனில் ஓடாது, இங்கே தடித்து அங்கே மெலிந்து போகும். தடித்த இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழலால் ஒரே நிறத்துக்குள்ளேயே நாலைந்து சாயல் தெரியும். சாட்டினில் மடிப்பு விழுந்த இடம் மின்னும், உள்ளே போன இடம் கறுக்கும். கார்டுராயில் கோடு கோடாக நிழல் நிற்கும்.

அதனால் ப்ளெயின் பிடிக்கிறவர்கள் எடுக்கும்போதே துணியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். குர்தி கதரோ லினனோ என்றால் பேண்ட் வழவழப்பாக இருக்கட்டும். இரண்டும் காட்டன் என்றால் ஷால் ஷிஃபானோ க்ரேப்போ எடுங்கள். இப்படி எடுத்தால் தலை முதல் கால் வரை ஒரே சந்தனக் கலரில்கூடப் போகலாம். நான் தைத்துக் கொடுத்த உடைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அப்படி ஒன்றுதான். கைத்தறியில் சந்தனக் குர்தி, வழவழப்பான சந்தன பேண்ட், ஒரு பட்டன்கூட வேறு நிறம் கிடையாது. கட்டிங்கும் துணியும் மட்டும்தான் பேசும்.

அப்புறம் உயரம். குர்தி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு விழும். ப்ளெயினில் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும், பூப்போட்டதில் தெரியாது. மேல் பாதி, கீழ் பாதி என்று சரிசமமாக வெட்டுகிற இடத்தில் அந்தக் கோடு விழக் கூடாது. ஒன்று முட்டிக்குக் கீழே போகட்டும், அல்லது இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கட்டும். ரெடிமேடாக எடுத்தாலும் டைலரிடம் இரண்டு அங்குலம் மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் உடை மாறிவிடும்.

பென்னாகரம்_பொண்ணு

படித்துக்கொண்டே வந்தேன், எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. நான் கல்லூரியில் படிக்கிறேன், நல்ல கறுப்பு நிறம். எந்தக் கடைக்குப் போனாலும் “உன் கலருக்கு இது எடுக்காதும்மா” என்று கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறார்கள். கடைசியில் பிஸ்கட் கலர், சாம்பல் கலர் என்று எதையாவது கொடுத்து அனுப்புகிறார்கள். பளிச்சென்ற ப்ளெயின் கலர் எனக்கு உண்மையிலேயே எடுக்காதா?

வழிப்போக்கன்

கறுப்பாக இருப்பவர்களுக்கு லைட் கலர்தான் நல்லது. அடர்ந்த கலர் போட்டால் முகம் மங்கிவிடும் என்று சொல்வார்கள்.

அரூர்_டீச்சர்

அப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களைச் சாம்பல் கலருக்குள் உட்கார வைத்துவிட்டோம். எனக்கு இதில் கோபமே வருகிறது. என் வகுப்பில் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறேன். மாம்பழ மஞ்சளும் மிளகாய்ப்பழச் சிவப்பும் கறுத்த பிள்ளைகள்மேல் ஜொலிக்கிற மாதிரி வேறு யார்மேலும் ஜொலிப்பதில்லை. இந்த வெயிலும் இந்தத் தோலும் நம்முடையவை. நம் நெசவாளர்கள் அரக்கும் மயில்கழுத்தும் வாடாமல்லியும் நெய்தது இந்தத் தோலுக்குத்தான். பென்னாகரத்துப் பெண்ணே, கையிலிருந்து வாங்கி வைத்தால் திரும்ப எடு.

நூல்நிறம்

டீச்சர் சொன்னதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணியும் முகமும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். நான் முன்பு சொன்ன அடர்வுக் கணக்கைத் தோலுக்கும் போடுங்கள். கறுத்த தோலுக்குப் பக்கத்தில் வெள்ளை, மாம்பழ மஞ்சள், பிஸ்தா, பேபி பிங்க் எல்லாம் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும், அதனால் முகம் தெளிவாக எழும். மெரூன், ஆனந்தா ப்ளூ, ராமர் பச்சை போன்றவற்றில் அடர்வு வித்தியாசம் குறைவு. ஆனால் நிறத்தில் பளிச்சென்ற தன்மை இருப்பதால் தோலின் பளபளப்போடு சேர்ந்து நிற்கும். இரண்டுமே அழகு, இரண்டும் வேறு வேறு அழகு. வழிப்போக்கன் சொன்னதில் வெளிர் நிறம் நன்றாக இருக்கும் என்கிற பாதி சரி. அடர்ந்தது கூடாது என்கிற பாதி சரியில்லை.

எடுக்காத துணி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிற அந்த பிஸ்கட் கலரும் சாம்பலும்தான். அடர்விலும் நடுவாக, பளிச்சும் இல்லாமல் இருப்பதால் முகத்துக்கு எதையும் கொடுக்காது. அதையும் பேண்டாகப் போட்டுக்கொள்ளலாம், முகத்தருகே மட்டும் வேண்டாம்.

பென்னாகரம்_பொண்ணு

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. மாம்பழ மஞ்சளில் குர்தி எடுக்கப் போகிறேன். கீழே என்ன போடட்டும்?

ஊத்தங்கரை_டைலர்

வெள்ளை பேண்ட் வேண்டாம் தங்கச்சி, மஞ்சள் வெளுத்துத் தெரியும். அடர்ந்த கத்தரிப்பூ கலர் இல்லையென்றால் பாட்டில் பச்சை. ஷால் இல்லாமலே போடலாம்.

ஓசூர்_ஷிப்ட்

ஆண்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள் சார். வாரம் முழுக்கக் கம்பெனி யூனிஃபார்ம். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும்போதாவது நன்றாகப் போட வேண்டும் என்று ஆசை. என்னிடம் ப்ளூ ஜீன்ஸ், கறுப்பு பேண்ட், ப்ளெயின் சட்டைகளில் கிரே, வெள்ளை, நேவி ப்ளூ இருக்கின்றன. ஜீன்ஸுக்கு நேவி ப்ளூ சட்டை போடலாமா கூடாதா என்று ரூமில் சண்டையே நடக்கிறது.

ஊத்தங்கரை_டைலர்

தாராளமாகப் போடலாம் தம்பி. ஜீன்ஸ் துணியின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் உள்பக்கம் வெளுப்பாக இருக்கிறது. வெளியே நீலமாகத் தெரிந்தாலும் வெள்ளை உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும், அதனால் எந்த ப்ளெயின் சட்டையோடும் மோதாது. ஒன்று மட்டும் பாருங்கள். ஜீன்ஸ் வெளுத்ததாக இருந்தால் நேவி ப்ளூ சட்டை நன்றாக இருக்கும். ஜீன்ஸும் அடர்ந்த நீலம் என்றால் கிரே அல்லது வெள்ளை.

இன்னும் இரண்டு வாங்குவதாக இருந்தால் ஆலிவ் பச்சையில் ஒரு சட்டை, சந்தனக் கலரில் ஒரு காட்டன் பேண்ட். இந்த இரண்டும் உங்களிடம் இருப்பவற்றோடு எப்படி மாற்றிப் போட்டாலும் சேரும். சந்தனம், ஆலிவுக்கு பிரவுன் பெல்ட், பிரவுன் செருப்பு. கிரேவுக்குக் கறுப்பு.

உங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, எங்களுக்கு இல்லாதது. மார்கழி, தைக் காலை குளிர். வெள்ளை டிஷர்ட் போட்டு அதன்மேல் ஆலிவ் சட்டையைப் பட்டன் போடாமல் விடுங்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். இரண்டு ப்ளெயின் மூன்றாகிவிடும். ஊத்தங்கரை வெயிலில் இதைச் செய்ய முடியாது.

மாங்கனி

வேட்டிக் கரைக்கு மேட்சாகச் சட்டை போடுகிறார்களே இப்போது, அதைப் பற்றி உங்கள் கருத்து?

ஊத்தங்கரை_டைலர்

விசேஷத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. என் மனசுக்குப் பட்டது, கரை மெரூன் என்றால் சட்டையும் அதே மெரூனில் வேண்டாம், வெங்காயக் கலரில் இருக்கட்டும். கரை மெல்லிய கோடு, சட்டை முழு உடம்பு. அதே நிறத்தை முழு உடம்புக்கும் போட்டால் கரை காணாமல் போய்விடும்.

அரூர்_டீச்சர்

நூல்நிறம் தம்பி, ஒரு சந்தேகம். சந்தனக் கலர் ரவிக்கை ஒன்று வைத்திருக்கிறேன். அரக்குப் புடவைக்குப் போட்டால் லேசாகப் பச்சை அடிக்கிற மாதிரி தெரிகிறது. பச்சைப் புடவைக்குப் போட்டால் அப்படித் தெரிவதில்லை. கண்ணில் கோளாறா?

நூல்நிறம்

கோளாறே இல்லை டீச்சர், உங்கள் கண் நன்றாக வேலை செய்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்பே இதே குழப்பம் வந்திருக்கிறது. பாரிஸில் கோப்லான் என்ற பெரிய நெசவுக்கூடம், சித்திரத் திரைச்சீலைகள் நெய்கிற இடம். அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் யூஜென் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்து பார்த்தார், அதில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் அந்தக் கறுப்பை மாற்றிக் காட்டியது. ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்துத் துணிமேல் ஏற்றிக் காட்டும் என்று 1839இல் எழுதி வெளியிட்டார்.

அரக்கின் எதிர் நிறம் பச்சை. அதனால் பக்கத்தில் உள்ள சந்தனத்தில் பச்சை தெரிகிறது. பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் அதே சந்தனம் கொஞ்சம் சிவப்பு ஏறித் தெரியும். ஆகவே சந்தனம், க்ரீம், ஹாஃப் ஒயிட் இவற்றைத் தனியாகப் பார்த்து எடுக்காதீர்கள். எதோடு போடப் போகிறீர்களோ அதைக் கையோடு கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரக்குக்குக் கொஞ்சம் பிங்க் கலந்த சந்தனம் எடுத்தால் பச்சை அடிக்காது.

ஊத்தங்கரை_டைலர்

கொண்டு போய்க் கடைக்குள்ளே பார்த்தால் போதாது. வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு தடவை பாருங்கள். உள்ளே லைட்டில் அச்சு அசலாகச் சேருகிற இரண்டு துணி வெளியே வந்ததும் பிரிந்துவிடும். குறிப்பாக ஒன்று காட்டன், ஒன்று பாலியஸ்டர் என்றால்.

நூல்நிறம்

ஆமாம். காட்டனுக்கு ஒரு வகைச் சாயம், பாலியஸ்டருக்கு வேறு வகைச் சாயம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும்படி செய்துவிடலாம், எல்லா வெளிச்சத்திலும் முடியாது. ஒரே கம்பெனி ஒரே மெரூன் என்றாலும் வேறு தடவை சாயம் போட்ட துணி என்றால் மயிரிழை மாறும். அதனால் “அதே கலர்” தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்படியே கிடைத்தாலும் குர்தியை ஒரு கணக்கில் துவைப்போம், பேண்டை ஒரு கணக்கில் துவைப்போம். ஆறு மாதத்தில் இரண்டும் வேறு கலர். கிட்டத்தட்ட ஒரே நிறம், ஆனால் ஒன்றில்லை என்பதுதான் பார்க்க மிகவும் சங்கடமானது. ஒரே நிறத்தில் போட ஆசை என்றால் நன்றாகத் தள்ளி எடுங்கள். மெரூனுக்கு வெங்காயக் கலர், நேவி ப்ளூவுக்கு ஸ்கை ப்ளூ, பாட்டில் பச்சைக்குப் பிஸ்தா. வெளுத்தாலும் சேர்க்கை கெடாது.

புதுவேலை_கிருஷ்ணகிரி

இத்தனை விஷயம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நேவி ப்ளூ, சந்தனம், வெங்காயக் கலர் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். பக்கத்து சீட் அக்கா எங்கே எடுத்த செட் என்று கேட்டார்கள். மெரூனுக்கு மஸ்டர்ட் ஷால், சந்தன பேண்ட் என்று நாளைக்குப் போடப் போகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. அடுத்த மாதம் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். அம்மா பட்டுக் கட்டச் சொல்கிறார்கள். பூ, புட்டா எதுவும் இல்லாமல் ப்ளெயின் பட்டில் நன்றாக இருக்குமா?

அரூர்_டீச்சர்

கேட்கவே வேண்டாம், நன்றாக இருக்கும். டபுள் ஷேட் பட்டு என்று கேட்டு எடு. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். மயில்கழுத்து என்பது அப்படித்தான், நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்கும். தூரத்திலிருந்து ப்ளெயின். நீ திரும்பும்போது, மடிப்பு அசையும்போது ஒரு நிறம் போய் இன்னொன்று வரும். ரவிக்கையை அந்த இரண்டில் ஒன்றில் எடுக்காதே, வெளியிலிருந்து மூன்றாவது நிறம் கொண்டு வா. மயில்கழுத்துக்கு வெங்காயக் கலர் எடுத்தால் அள்ளும். தர்மபுரியில் பட்டுக்கூடு ஏலம் போகிற அங்காடியே இருக்கிறது, பட்டு நமக்குத் தூரத்து உறவு இல்லை.

ஓசூர்_ஷிப்ட்

கல்யாணத்துக்குக் கறுப்பு போடலாமா டீச்சர்? ப்ளெயினில் எனக்குக் கறுப்புதான் பிடிக்கும்.

அரூர்_டீச்சர்

ரிசப்ஷனுக்குப் போடு, முகூர்த்தத்துக்கு வேண்டாம். உனக்கு அழகு என்பது எனக்கும் தெரியும். பெரியவர்கள் முகம் சுளித்தால் அந்த அழகைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

புதுவேலை_கிருஷ்ணகிரி

மெரூன் குர்தியை இன்னும் தண்ணீரில் போடவில்லை. வெளிர் பேண்டோடு போடுகிறேன், சாயம் ஒட்டுமா என்று பயமாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நிற்குமா?

நூல்நிறம்

உப்பு, வினிகர் எல்லாம் வீட்டில் போட்டு ஏற்கெனவே ஏற்றிய சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது. முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் குர்தியின் உள்பக்கத் தையலில் நன்றாகத் தேயுங்கள். ஒட்டவில்லை என்றால் கவலை இல்லை. ஒட்டினால் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊற வைக்காமல், தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். சந்தன பேண்டுக்குச் சொட்டு நீலம் போட்டுவிடாதீர்கள், வெண்மை தரும் என்று சொல்கிற சோப்புத் தூளும் வேண்டாம். சந்தனத்தின் மஞ்சளை அது கொன்றுவிடும்.

புதுவேலை_கிருஷ்ணகிரி

தேய்த்துப் பார்த்தேன், லேசாக ஒட்டுகிறது. இன்றைக்கே அலசிப் போட்டுவிடுகிறேன். நாளைக்கு மெரூன் இல்லை, பாட்டில் பச்சைக்கு மஸ்டர்ட் ஷால்.